துளை வழிக்காரருக்கு வலி கிடையாது

அந்த வார்டில் காதுக்குப் பின்னால் அறுத்தவர்களுக்குத்தான் வலி உண்டு. காதுத் துளை வழியாகவே ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு வலி கிடையாது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. துளை வழிக்காரரான கோமதிநாயகத்துக்கு மட்டும் வலித்தது.

"சிஸ்டர், ஒரு ஊசி போடுங்க. உயிரு போவுது."

நர்ஸ் எஸ்தர் அவர் காதைப் பார்த்தாள். பஞ்சு மட்டும்தான் இருந்தது.

"உங்களுக்கு வலிக்காது அண்ணாச்சி."

"வலிக்குதே!"

"அது பக்கத்துக் கட்டில்காரரோடது. இடம் மாறி வந்திருக்கும்."

பக்கத்துக் கட்டிலில் சங்கரபாண்டி, தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டோடு, வறுத்த பட்டாணியைக் கடித்துக்கொண்டிருந்தார். எஸ்தர் அவருக்கு ஊசி போட்டாள்.

"எனக்கு வலிக்கவே இல்லம்மா."

"கட்டு இருக்குல்லா? வலிக்கும்."

கோமதிநாயகத்தின் மச்சினன் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தான். இரண்டு தலையையும் பார்த்தான். பாட்டிலைச் சங்கரபாண்டியின் மடியில் வைத்து, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

"ஏல மாப்ள, நான் இங்க கெடக்கேன்."

"தெரியுது அத்தான். கட்டு அங்கல்லா இருக்கு."

மத்தியானம் வலி காதுக்குள் கொள்ளவில்லை. வெளியே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தது. கோமதிநாயகத்தின் உயரம்தான் இருந்தது.

"பாக்குற நேரம் முடிஞ்சு போச்சு, கெளம்பு" என்று எஸ்தர் அதை விரட்டினாள். வலி எழுந்து தாழ்வாரத்தில் நடந்தது. தாழ்வாரமும் கூடவே நீண்டது. அது கண்ணுக்குத் தெரியாத தூரம் போன பிறகும் இங்கே வலித்தது.

கோமதிநாயகத்தின் மனைவி சொர்ணம் பொறுக்கமாட்டாமல் வேட்டி ஒன்றைக் கிழித்து அவர் தலையைச் சுற்றிக் கட்டினாள். கட்டைக் கண்டதும் எஸ்தர் ஊசியோடு ஓடி வந்தாள்.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் குறுக்கே கையை நீட்டினார். கட்டை அவிழ்த்துக் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தார்.

"கட்டு போட்டாச்சு. வெட்டைக் காணோமே!"

"விட்டுப் போச்சு போல, டாக்டர்" என்றாள் எஸ்தர்.

"தியேட்டருக்குக் கொண்டு போங்க. முதல்ல வெட்டணும்."

சொர்ணம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கோமதிநாயகம் அவளைக் கையமர்த்தினார்.

"வெட்டினா ஊசி உண்டா டாக்டர்?"

"கேட்காமலே போடுவாங்க."

அவர் தாமாகவே ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தார். தள்ள ஆளில்லை. தாழ்வாரத்தின் கோடியிலிருந்து வலி நடந்து வந்து பிடியைப் பிடித்துத் தள்ளியது.

மச்சினன் எழுந்தான். சங்கரபாண்டியின் மடியிலிருந்த ஹார்லிக்ஸை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தான்.