தண்ணி வண்டியின் சூட்டு முள்

அந்த முள்ளைப் பார்த்தாலே மாடசாமிக்கு எரிச்சல் வந்தது. எஞ்சின் சூட்டைக் காட்ட வேண்டிய முள். கோர்படி யார்டில் கிளம்பும்போது செத்த மாதிரி கிடக்கும், கராடி சிக்னலில் நின்றால் சிவப்புக்குப் பாயும், ஹாரன் அடித்தால் பயந்ததுபோல் கீழே விழும். மீட்டரை மாற்றியாயிற்று, வயரையும் மாற்றியாயிற்று. சாமியாடுகிறவனாவது திருநீறு பூசினால் அடங்குவான், இது அடங்கவில்லை.

வண்டி தண்ணீர் டேங்கர். முதலாளி ராமநாதன் அண்ணாச்சியின் யார்டில் விடியும்போதே நிரப்பி நிற்கும். மாடசாமி அதை ஓட்டிப்போய்க் கராடி அடுக்குமாடிகளில் இறக்குவான். போர் தண்ணீர், அப்பழுக்கில்லாதது என்பார் அண்ணாச்சி. அதில் ஒரு கேன் தினமும் மாடசாமி வீட்டுக்கும் போகும். குடத்தோடு வரிசையில் நிற்கிற பெண்களுக்கு நடுவே அவன் மனைவி பவுனுக்கு அதில் ஒரு கெத்து.

இன்று அவன் நினைப்பு வண்டியில் இல்லை. மகள் பட்டுவுக்கு வாந்தியும் பேதியும் நிற்கவேயில்லை. சின்னப் பிள்ளை, ஈரத்துணியாகத் துவண்டு கிடந்தாள். நிறையத் தண்ணீர் கொடுங்கள், உடம்பு இன்னும் வற்றினால் ஆபத்து என்று டாக்டர் பயமுறுத்தியிருந்தார். சனியன் பிடித்த வண்டியைச் சரிபண்ணி, லோடை இறக்கிவிட்டு வீட்டுக்கு ஓட வேண்டும்.

மெக்கானிக் முகமது இஸ்மாயில் எஞ்சினை ஆறவிட்டுக் குனிந்தார். "மீட்டர்ல ஒண்ணுமில்லண்ணே. ரேடியேட்டர் தண்ணிக்குள்ள நிக்குற சென்சாரைக் கழட்டிப் பாத்துரலாம்."

கழற்றினார். முதலில் வந்தது நாற்றம். சாக்கடையை அடுப்பில் ஏற்றி வேக வைத்த நாற்றம். சென்சாரின் மேல் கறுப்பாகச் சளி மாதிரி ஒன்று அப்பியிருந்தது. அதில் தலைமுடி சுற்றியிருந்தது, முடியில் குட்கா பாக்கெட்டின் கிழிசல். மாடசாமி விரலால் வழித்தான். நூலாக நீண்டது.

"சீ! சீ! என்ன பாய் இது?"

"இது மூடிக்கிட்டா சூடு எப்படித் தெரியும்? விலகுனா முள்ளு ஏறுது, மூடுனா விழுது." இஸ்மாயில் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "ரேடியேட்டருக்கு எங்கண்ணே தண்ணி புடிக்கிறீங்க? சாக்கடைக் கட்டர்லயா?"

"யாரைப் பாத்து என்ன கேக்கீரு? நம்ம டேங்கர் தண்ணிதான் பாய். இதை வச்சுக்கிட்டு எவனாவது வெளிய போய்..."

கை கழுவுவதற்காக, பழக்கத்தில், டேங்கரின் குழாயைத்தான் திறந்திருந்தான். தண்ணீர் பளிங்காக விழுந்தது. பிளீச்சிங் பவுடர் வாசனை ஆளைத் தூக்கியது. எஞ்சின் சூட்டில் அந்த வாசனை ஓடிப்போய், மிச்சம் நின்றதுதான் அவன் விரலில் ஒட்டியிருந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டான்.

"பவுனு, பட்டுக்கு என்ன தண்ணி குடுத்த?"

"என்ன தண்ணியா? நீங்க கொண்டாந்ததுதான். டாக்டர் சொன்னாருன்னு டம்ளர் டம்ளரா குடுத்துக்கிட்டு இருக்கேன். இப்பதான் ஒண்ணு குடிச்சா."

"கொட்டுடி அதை! எல்லாத்தையும் கொட்டிட்டு, ரிக்சா புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போ. நான் வாரேன்."

சொந்தக் காசில் சூனியம் என்பார்கள். இவன் தோளில் சுமந்துபோய் வைத்திருக்கிறான், அதுவும் பெருமையோடு. தன்னை நினைக்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

போன் மறுபடி அடித்தது. அண்ணாச்சி. "என்னடே, முள்ளு நிக்குதா? அடுக்குமாடிச் சொசைட்டிக்காரன் கத்துதான்."

"வண்டிக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. தண்ணிக்குத்தான் சீக்கு. போர்ல மயிரும் குட்கா பாக்கெட்டுமா வரும்?"

அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "போர் வத்திட்டுடே. ஓடைப் பக்கத்துல ஒரு கெணறு கெடக்கு. அதான் பிளீச்சிங் அள்ளிப் போடுதோம்லா? இதுவரைக்கும் எவனும் சாவல. தொடச்சு மாட்டிட்டுப் போய் இறக்கு."

அந்த ஓடையில் ஓடுவது சாக்கடைதான் என்று ஊருக்கே தெரியும். மாடசாமி போனைப் பையில் போட்டுவிட்டு, வண்டியின் பின்னால் போய்ப் பெரிய வால்வைத் திருப்பினான். டேங்கர் முழுவதும் ரோட்டோரக் கட்டரில் இறங்கியது. அப்போதும் பளிங்காகத்தான் இறங்கியது. அதன் மேல் காறித் துப்பினான். இஸ்மாயிலிடம் பைக் சாவியை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது கை இன்னும் நாறியது.