ஓசியாவைப் பெற்றவள்

பரிமளம் ஆட்கள் உட்காரக் கதிரைகளைப் போட்ட விதத்தில் பக்தி துளியும் இல்லை. பகைதான் இருந்தது.

வியாழக்கிழமை வேதபாடக் கூட்டம் கட்டுகஸ்தோட்டையில் அவள் வீட்டில்தான் நடக்கும். பைபிளில் ஓசியா தீர்க்கதரிசியின் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் நத்தை வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். உட்கார்ந்த வரிசைப்படி ஆளுக்கொரு வசனம் வாசிக்க வேண்டும், அது தமக்கு என்ன சொல்கிறதென்றும் சொல்ல வேண்டும். நடத்துகிற யசோதா அக்கா வைத்த முறை அது. ஓடிப்போன மனைவியைத் தீர்க்கதரிசி திரும்பச் சேர்த்துக்கொள்கிறாரே, அதுதான் தேவ அன்பு என்று அக்கா உருகுவாள். பரிமளத்துக்கு வயிறு எரியும். ஓடிப்போய்த் திரும்பிய ஒருத்தி அவள் குசினியிலேயே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மருமகள் லோஜினி. கலகெதரப் பக்கம் ஒருவனோடு போனவள், மழைக்காலம் முடிவதற்குள் வந்து நின்றாள். மகன் நிரஞ்சன் ஒரு கேள்வி கேட்காமல் கதவைத் திறந்துவிட்டான். அன்றிலிருந்து பரிமளம் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் சட்டி பானையிடம் சொன்னாள்.

இந்த வியாழன் காலை நிரஞ்சனுக்குப் பொறுமை போய்விட்டது. "தெல்தெனியவுல ரூம் பாத்துட்டேன்மா. இன்னைக்கு ஜெபம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் போறோம்."

ஒரே மகன். பரிமளம் யோசித்தாள். நாலு பேர் முன்னால் மானம் போனால் லோஜினி மட்டும் ஓடிவிடுவாள், மகன் மிஞ்சுவான். கள்ளப் புருஷர்கள் பின்னால் போய் என்னை மறந்தாளே என்று கடவுள் குமுறுகிற வசனம் லோஜினி வாயில் வரும்படி விரல்விட்டு எண்ணி, தனக்கு அடுத்த கதிரையை அவளுக்குப் போட்டாள். அதற்குப் பிறகு என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. அவளுக்கு வேண்டியது அதுவரைக்கும்தான்.

கெடுவான் கேடு நினைப்பான். முதல் வசனம் வாசிக்குமுன், கூட்டத்துக்கு வரும் கஜனி மூச்சு வாங்க ஓடி வந்தாள். "புசல்லாவ பஸ் லேட் அக்கா."

"வாங்க, வாங்க" என்று யசோதா அக்கா ஒரு கதிரையை இழுத்துத் தன் பக்கத்தில், வரிசையின் தலைப்பிலேயே போட்டாள்.

எல்லாருக்கும் வசனம் ஒன்று தள்ளிப்போனது. கள்ளப் புருஷர் வசனம் பரிமளத்தின் மடியில் விழுந்தது. அவசரமாக வாசித்து, விளக்கம் சொல்லாமலே முடித்தாள்.

லோஜினிக்கு அடுத்தது. ஆகையால் அவளை நயந்து அழைப்பேன், வனாந்தரத்துக்குக் கூட்டிப்போய் அவள் மனதோடு பேசுவேன் என்கிறார் கடவுள். வாசித்துவிட்டு லோஜினி விரலை அந்த வரியிலேயே வைத்திருந்தாள்.

"இது உங்களுக்கு என்ன சொல்லுது, மகள்?" என்றாள் யசோதா அக்கா.

"சாமி பேசுறேங்குறாரு. இந்த வீட்டுல அத்தை என்கூட பேசல. ஏசக்கூட இல்ல."

பரிமளம் வேதத்தைப் பட்டென்று மூடினாள்.

"ஓசியா அவளக் கூட்டிட்டு வந்தாரு, சரி. அவரப் பெத்தவகிட்ட யாராச்சும் ஒரு வார்த்த கேட்டாங்களா? அப்பன் பேரு முதல் வரியிலேயே இருக்கு. ஆத்தா பேரு எங்க அக்கா? அவளுக்கும் நெஞ்சு இருந்திருக்கும்ல?"

அன்று முடிவு ஜெபம் சுருக்கமாக நடந்தது. தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் எல்லாரும் செருப்பைத் தேடினார்கள்.

நிரஞ்சன் பைகளைத் தூக்கினான். லோஜினி பின்னால் வந்தாள். பரிமளம் வாசலை மறித்து நின்றாள். மகனை அவள் பார்க்கவே இல்லை.

"அடியே லோஜினி!"

லோஜினி திடுக்கிட்டு நின்றாள். திரும்பி வந்த பிறகு அத்தை வாயிலிருந்து அவள் பெயர் வந்ததே இல்லை.

"மானங்கெட்டவளே! என் புள்ளய ஊரே பாத்துச் சிரிச்சிச்சேடி. ராவெல்லாம் அவன் சோறில்லாம கெடந்தானே, அப்ப நீ எங்கடி இருந்த?" பரிமளத்துக்கு மூச்சு இரைத்தது, கண் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "பையக் கொண்டு உள்ள வை. நான் இன்னும் ஏசி முடிக்கல."

லோஜினி நிரஞ்சன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.