வேற ஒண்ணுமில்ல

எவன் எது சொன்னாலும் சடையன் அதற்கு வேறு ஓர் அர்த்தம் வைத்திருந்தார். 'பாக்கலாம்' என்றால் கிடையாது. 'தோ வந்துட்டேன்' என்றால் இன்னும் குளிக்கவே இல்லை. 'தப்பா நெனச்சிக்காத' என்றால் தப்பாகத்தான் பேசப்போகிறான். 'வேற ஒண்ணுமில்ல' என்று முடித்தால் இனிமேல்தான் கேட்கப்போகிறான், மடியைப் பிடித்துக்கொள். ஐஸ் வண்டிக்காரன், மீன் ஏஜெண்டு, ஓட்டுக் கேட்டு வருகிறவன் என்று வரிசையாக ஏமாந்து சேர்த்த அறிவு அது.

அப்பேர்ப்பட்டவர், லோகுவின் பதினாறாம் நாள் காரியத்தில் எல்லோரும் சொல்கிறார்களே என்று தானும் ஒன்று சொல்லிவிட்டு வந்தார்.

"எது வேணும்னாலும் கேளு ஆதி. நான் கீறேன்."

லோகுவும் அவரும் இருபத்தெட்டு வருஷம் லோகுவின் படகில் ஒன்றாகக் கடலுக்குப் போனவர்கள். அதற்காகச் சொன்னதுமில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போது வாயில் வருகிற பேச்சு. சொன்னவனும் மறப்பான், கேட்டவளும் மறப்பாள்.

லோகுவின் பெண்டாட்டி ஆதியம்மாள் மறக்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு காலை, அவள் தெருமுனையில் வருவதை ஜன்னல் வழியாகச் சடையன் பார்த்தார். பணம்தான், வேறெதற்கு வருவாள்?

"நான் இல்லன்னு சொல்லிடு," என்று மருமகள் தமிழரசியிடம் சொல்லிவிட்டு உள்ளறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்தார்.

"மாமா வூட்ல இல்ல அத்த," என்றாள் தமிழரசி. குரலே சரியில்லை.

ஆதியம்மாள் வாசற்படி தாண்டி வரவில்லை. "எங்க படக வித்துட்டேம்மா. கடப்பாக்கத்து ஆளுங்க எட்த்துகினு போவ வந்துகினு கீறாங்க. அது போறப்ப அண்ணாத்த பக்கத்துல நின்னா கொஞ்சம் தைரியமா இருக்கும்னு வந்தேன். வேற ஒண்ணுமில்ல."

சடையன் கதவிடுக்கில் காதை வைத்தார். இதோ, இப்போது கேட்பாள்.

அவள் கேட்கவில்லை. போய்விட்டாள்.

"எல்லாத்துக்கும் அர்த்தம் சொல்லுவியே மாமா," என்றாள் தமிழரசி. "நான் கீறேன்னு சொன்னியே, அதுக்கு இன்னா அர்த்தம்?"

சடையன் வெளியே வந்து செருப்பைத் தேடினார். வாசற்படியிலேயே கிடந்தது. ஒரு வார் அறுந்து பச்சை வலை நூலால் கட்டிய செருப்பு. குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆதியம்மாள் அதன் பக்கத்தில்தான் நின்றிருக்கிறாள்.

அவர் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது படகை ஏற்றிய லாரி ரோட்டுக்குத் திரும்பிவிட்டிருந்தது. மணலில் இழுத்த தடம் மட்டும் இருந்தது. படகிலிருந்து எடுத்த லோகுவின் சோற்று டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் தனியாக நின்றாள்.

"வா அண்ணாத்த. சாப்ட்டியா?"

'இப்பத்தான் வந்தேன், தமிழு சொல்லிச்சி' என்பது நாக்கு நுனி வரை வந்தது.

"உள்ளதான் இருந்தேன் ஆதி."

"தெரியும். செருப்பு கெடந்துச்சே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பார்.

"வெயில் ஏறுது. நீ போ அண்ணாத்த."

அதற்கு வேறு ஏதாவது அர்த்தம் இருக்குமா என்று யோசித்துப் பார்த்தார். போ என்றுதான் அர்த்தம்.