சுந்தரியின் கை நின்றால் இறங்கும் வீடு

பகலில் சுந்தரியின் கை நின்றால், ஆம்பூரில் அவள் வாழ்ந்த வீடு மணிக்கு ஒரு விரற்கடை பூமிக்குள் இறங்கியது. கல்யாணமான புதிதில் காய்ச்சலில் படுத்த அன்றே அதைக் கவனித்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. மகள் ஜீவாவைப் பெற்ற மூன்றாம் நாளே கைக்குழந்தையோடு திரும்பிவிட்டாள். கலவை ஊரில் தம்பி கல்யாணத்துக்குப் போனவள், தாலி கட்டி முடித்ததும் பஸ் ஏறினாள். பத்தொன்பது வருடத்தில், இடுப்பளவு உயர்த்திக் கட்டிய வீடு தெருமட்டத்துக்கு வந்திருந்தது. ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் அவள் கணவன் நவநீதன், பாலாற்று மண் அப்படித்தான் என்றான்.

போன ஐப்பசியில் வேலூர் டாக்டர் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும், நாற்பத்தைந்து நாள் குடம் தூக்கக்கூடாது என்றார். சுந்தரி மனதுக்குள் கணக்குப் போட்டாள். மொட்டை மாடியும் மிஞ்சாது. ஜீவாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை வேறு. மூன்று முறை தேதியைத் தள்ளிப்போட்டாள். பக்கத்து வீட்டுப் பில்கிஸிடம் மட்டும், "நான் படுத்தா வூடு உள்ள போய்டும்" என்றாள். பில்கிஸ் ஆச்சரியப்படவில்லை. "எங்க வூடும் இறங்கும்க்கா. கொஞ்சம் கம்மி. நாங்க மருமகளுங்க மூணு பேர் இருக்கோம்ல."

தை மாதம் குழாயடியில் உதிரம் பெருகி விழுந்தாள். அன்றைக்கே வேலூரில் ஆபரேஷன். மூன்றாம் நாள் காலை நவநீதன் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தான்.

"சன்னல் வரைக்கும் மண்ணு வந்துடுச்சு. இன்னா பண்றது?"

"பாத்திரம் தேச்சீங்களா?"

"இல்ல."

"தேயுங்க. அப்புறம் தண்ணி புடிங்க. துணிய ஊற வைங்க. உக்காராதீங்க."

சன்னல் வழியாக உள்ளே இறங்கி, அடிப்பிடித்த சட்டியைத் தேய்த்தான். வீடு நின்றது. டீ குடிக்க உட்கார்ந்தான், மறுபடி இறங்கியது. கம்பெனியில் லீவு போட்டான். ஜீவா ஒரு கையில் இயற்பியல் புத்தகமும் மறுகையில் கரண்டியுமாக நின்றாள். அவள் தூங்கி விழும்போது அவன் பெருக்கினான். அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டபோது அவள் அரிசி களைந்தாள். ஒன்பதாம் நாள், விரல் மடக்க முடியாத கையில் போனைப் பிடித்துக்கொண்டு கேட்டான்:

"இது தினமுமா?"

சுந்தரி யோசித்துச் சொன்னாள். "ஞாயித்துக்கெழம கொஞ்சம் ஜாஸ்தி."

அவள் திரும்பி வந்தபோது இருவரும் அவளைத் தாங்கிப் பிடித்து, சன்னல் வழியாக நாற்காலியில் இறக்கினார்கள். சுந்தரி நாற்காலியின் கைகளை இறுகப் பற்றிக்கொண்டாள். சுவர் நடுங்கியது. நவநீதன் எழுந்துபோய் உலை வைத்தான். நடுக்கம் நின்றது. அவள் பிடியைத் தளர்த்தவில்லை.

வீடு மேலே வரவேயில்லை. மறு வாரம் கொத்தனாரைக் கூப்பிட்டு, தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்கப் படி கட்டச் சொன்னார்கள். அந்தத் தெருவில் அப்படி நாலைந்து வேலை பார்த்திருந்த அவர், எத்தனை படி என்று மட்டும் கேட்டார்.

நவநீதன் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைக்காமல், மனைவியை ஒரு முறை திரும்பிப் பார்த்தான்.

"இப்போதைக்கு அஞ்சு போடுங்க" என்றான்.