படகு என்று எழுதியிருந்தேன்

லத்தீபா என் முக்காட்டைச் சரிசெய்துவிட்டு, கேமராவில் படாதபடி சுவரோரம் நின்றுகொண்டாள். ரங்கூனில் அப்போதுதான் விடிந்திருந்தது. அமெரிக்காவில் முந்தைய நாள் மாலை. என் கணவர் வேலை பார்க்கும் மாநிலத்தின் உளவியலாளர் உரிம வாரியம் என்னை விசாரிக்கப்போகிறது. நான் முனைவர் பட்டம் வாங்கிய தொலைநிலைக் கல்லூரிக்கு அங்கே அங்கீகாரம் இல்லை. என் பயிற்சி அவர்களுடையதற்கு நிகரானது என்று காட்டினால்தான் உரிமத் தேர்வு எழுத விடுவார்கள். இல்லையென்றால் இத்தனை வருடப் படிப்பும் வெறும் காகிதம்.

விண்ணப்பத்தில் பயிற்சி நடந்த இடம் என்று கேட்டிருந்த கட்டத்தில் படகு என்று எழுதியிருந்தேன். மருத்துவமனை என்று போடச் சொல்லிப் பார்த்தார் கணவர். அவர் தங்கை லத்தீபாவோ, "படகுல பேசுனதெல்லாம் படிப்பா மைனி? மீன் வாங்கப் போனீங்களான்னு கேப்பாங்க" என்றாள்.

வாரியத் தலைவி ஏறக்குறைய அதையே கேட்டார். ஏன் ஓர் அறை இல்லை?

இருந்தது என்றேன். இங்கே நகர நடுவில், பபேடான் பேட்டையில், பெயர்ப்பலகையோடு. மனசுக்கு வைத்தியம் பார்க்கும் இடத்துப் படியில் ஏறுவதைத் தெரு பார்த்துவிட்டால் அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். ஒருவரும் வரவில்லை. க்யிம்யிண்டைங் துறையிலிருந்து அக்கரை போகும் படகில் யார் பக்கத்திலும் யாரும் உட்காரலாம். இயந்திரச் சத்தத்தில் சற்றுத் தள்ளி இருப்பவருக்குக் குரல் எட்டாது. வந்தவரின் சம்மதத்தோடு என் மேற்பார்வையாளர் டாக்டர் டோ சாண்டா எதிர்ப்பலகையில் முழங்கால் இடிக்கும் நெருக்கத்தில் இருந்து கவனிப்பார். வந்தவர் அக்கரையில் இறங்கிப் போனதும், திரும்பும் படகில் டோ சாண்டா என்னை உரித்தெடுப்பார்.

உறுப்பினர்களில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றினார். அறைக்குக் கதவு உண்டு, பிடிக்காதவர் எழுந்து போகலாம்; நடு ஆற்றில் எங்கே போவார் என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குத்தான் பயந்திருந்தேன். அங்கே எழுந்து போகவேண்டியவள் நான்தான் என்றேன். வந்தவர் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினால் போதும், காரணம் கேட்காமல் மறுமுனைக்குப் போய்விடுவேன். ஒரு பெண் ஒரு மழைக்காலம் முழுக்கத் தண்ணீரையே பார்த்து வந்தாள். பிறகு ஒருநாள் அவளாகவே எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்லச் சொல்ல, நான் கெஞ்சவில்லை, என் தொழிலை விளக்கிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே புரிந்தது.

ஒலியை அணைத்துவிட்டுப் பேசினார்கள். உதடுகளைப் படிக்க முயன்று, விட்டுவிட்டேன். பிறகு தலைவி சொன்னார்: பயிற்சி நேரம் முழுவதும் ஏற்கப்பட்டது. தேர்வு எழுதலாம்.

லத்தீபா அதற்குள் பால்கனியில் இருந்தாள். பையைக் கட்டிய கயிற்றைக் கீழே தேநீர்க்கடைக்கு இறக்கி, "எங்க மைனி அமெரிக்காக்காரன ஜெயிச்சிட்டா" என்று தெருவுக்கே சொன்னாள். தேர்வு இன்னும் பாக்கி என்றேன். காதில் வாங்காமல் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, அண்ணனுக்குப் போன் போட ஓடினாள்.

இழுத்தேன். இரண்டாம் மாடியில் பர்மியக் கிழவி பையைப் பிடித்து நிறுத்தி, என்ன விசேஷம் என்று கேட்டு, எதையோ உள்ளே போட்டாள். மூன்றாம் மாடியிலும் ஒரு கை நீண்டது. மேலே வர வரப் பை கனத்தது. இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தேன்.