ஓடைக் கயிற்றை அவிழ்த்த சனிக்கிழமை

1

இந்தக் கதை என் மனசில் தானாக முளைத்தது இல்லை. கேட்டு வாங்கப்பட்ட கதை. போடியில் ஏலக்காய் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில், வேலையாட்களைப் பார்த்துக்கொள்கிற அதிகாரியாக இருக்கிறாள் ருக்கையா. எங்கள் தெருப் பெண். கம்பெனியின் ஆண்டு மலருக்கு ஒரு கதை வேண்டும் என்று போனில் பிடித்துக்கொண்டாள்.

“என்ன கதைம்மா வேணும்?”

“டீம் பில்டிங்ண்ணே. வேல பாக்குற எடத்துல எல்லாரையும் ஒண்ணாச் சேத்து வெளையாட விட்டா என்னென்ன நன்மைன்னு. அறிவுரையா இல்லாம கதையாச் சொல்லணும். கடைசியில நல்லபடியா முடியணும்.”

“நன்மை வரலேன்னா?”

“வரும்ணே. நீங்க எழுத ஆரம்பிங்க.”

போன மாசம் அவர்கள் கம்பெனியிலேயே அப்படி ஒரு விளையாட்டு நாள் நடந்தது. நானும் போய் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தர் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்க, இன்னொருத்தர் இடது வலது என்று சத்தம் போட்டு வழி சொன்னார். ஒரே கைதட்டல். அது முடிந்து சாப்பாட்டுக்குப் போனதும் கணக்கு எழுதுகிறவர்கள் ஒரு மேசை, காய் தரம் பிரிக்கிறவர்கள் வேறு மேசை என்று வழக்கம்போலப் பிரிந்து உட்கார்ந்துவிட்டார்கள். இதை எழுதினால் யார் யார் என்று தெரிந்துபோய் ருக்கையாவுக்குத்தான் வம்பு. அதனால் நூறு வருஷத்துக்கும் பின்னால் போகிறேன். 1912 என்று வைத்துக்கொள்ளுங்கள். செத்துப்போனவர்கள் கம்பெனியில் புகார் கொடுக்க மாட்டார்கள்.

2

தொடக்கம் ஒன்று: “போடி மலையின் சரிவுகளில் வெண்பனி மெல்லத் தவழ்ந்துகொண்டிருந்த ஒரு காலை வேளையில்…”

(வேண்டாம். பனி தவழாமல் ஒரு மலைக் கதையை ஆரம்பிக்கவே முடியாதா? எத்தனை பேர் தவழவிட்ட பனி அது.)

தொடக்கம் இரண்டு: “சாட்டையைச் சுழற்றியபடி எஸ்டேட் துரை…”

(இதுவும் வேண்டாம். அவன் சாட்டையோடு வந்தால் நீங்கள் முதல் வரியிலேயே அவனை வெறுத்துவிட்டு நிம்மதியாகிவிடுவீர்கள். எனக்கு இந்தக் கதையில் ஒரு நல்லவன் தேவைப்படுகிறான். தொல்லையே அங்கேதான் இருக்கிறது.)

தொடக்கம் மூன்று: “ஆயம்மாளுக்கு அன்றைக்கு மலையைவிட்டு இறங்கியாக வேண்டும்.”

சரி, இது நிற்கிறது. இதையே பிடித்துக்கொண்டு போகலாம்.

ஆயம்மாள் அடிவாரத்துச் சிலமலைக்காரி. நிறைமாசம். நிறைமாசக்காரிக்கு மலையில் என்ன சோலி என்று கேட்பீர்கள். ஏலக்காய் பழுத்துவிட்டால் செடி காத்திருக்காது, வீட்டு அடுப்பும் காத்திருக்காது, அதுதான் சோலி. அந்த வாரத்தோடு அவள் நின்றுகொள்வதாக இருந்தாள். மலையேறும் முன்னால் ஊர் மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “புள்ள குறுக்க கெடக்கு. வலி கண்டா என்கிட்ட வந்துரு, திருப்பி விட்டுருவேன். வேற யாரும் கைய வைக்கக் கூடாது” என்று சொல்லி அனுப்பியிருந்தாள். முதல் பிள்ளை அப்படிக் குறுக்கே கிடந்துதான் போனது. ஆகவே ஆயம்மாளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் சிலமலை போய்ச் சேர வேண்டும்.

சேர்ந்திருப்பாள். சிலமலை ஆட்கள் ஒரு செட்டு. திங்கட்கிழமை சேர்ந்து ஏறுவார்கள், சனிக்கிழமை மத்தியானம் சேர்ந்து இறங்குவார்கள். பாதையில் ஆனை நிற்கும், மூட்டத்தில் முன்னால் போகிறவள் முதுகு தெரியாது. முன்னால் போகிற ஜக்கம்மாள் கூவினால் கடைசியில் வருகிறவள் திருப்பிக் கூவ வேண்டும். பதில் வரவில்லை என்றால் மொத்தச் செட்டும் அப்படியே நின்றுவிடும். யாரையும் மேலே விட்டுவிட்டு இறங்கியதாகப் பேச்சே கிடையாது.

(ருக்கையா, இதைக் கவனித்தாயா? இதை யாரும் இவர்களுக்கு விளையாட்டு வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை.)

3

இப்போது துரை. பெயர் வைக்க மாட்டேன். பெயர் வைத்தால் எனக்கு அவனைப் பிடித்துவிடும். இப்போதே பாதி பிடித்திருக்கிறது.

இளவட்டம். சீமையிலிருந்து வந்து முதல் மழைக்காலம். வந்த நாளிலிருந்து அவன் கண்ணை உறுத்தியது ஒன்று: சிலமலைச் செட்டும், தேவாரம் என்கிற ஊரிலிருந்து வந்த செட்டும் தனித்தனியாக உலை வைத்துத் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். ஒரே எஸ்டேட்டு ஆட்கள் ஒன்றாக இருக்க வேண்டாமா என்று அவனுக்கு உண்மையான வருத்தம். அவன் படித்த பள்ளிக்கூடத்தில் சண்டை போட்ட பையன்களைச் சேர்த்து வைக்கக் கயிறு இழுக்க விடுவார்களாம். முடிச்சுப் போடுவதிலும் கயிறு இழுப்பதிலும் அங்கே அவன் பெரிய கெட்டிக்காரன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் போட்டி வைத்துவிட்டான். ஜெயிக்கிற பக்கத்துக்கு ஒரு கிடா.

கேட்டால் ரத்தம் கொதிக்கும். வாரத்தில் அவர்கள் வீட்டைப் பார்க்கிற ஒரே பொழுது அது. அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஒற்றுமை கற்றுக்கொடுக்கிறானாம். ஆனால் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லையே. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நான் இந்த இடத்தில் ரெண்டு வரி நன்றாகத் திட்டிவிட்டு ஆறியிருப்பேன்.

கயிறு? எஸ்டேட்டில் இழுவை தாங்குகிற வடம் ஒன்றுதான். இறங்கும் பாதையில் ஓடையின் இந்தக் கரை மரத்திலிருந்து அந்தக் கரை மரத்துக்குக் கட்டியிருந்த வடம். தண்ணீர் வந்தால் அதைப் பிடித்துக்கொண்டுதான் கடப்பார்கள்.

“அது ஓடைக் கயறு” என்றாள் ஜக்கம்மாள், கங்காணி சுருளிவேலிடம்.

“தெரியும் ஆத்தா. சாயங்காலம் திருப்பிக் கட்டிருவோம். தொரை ஆசப்பட்டுட்டாரு.”

“மழை?”

“வானத்தப் பாரு, வெள்ளையா இருக்கு.”

* சுருளிவேல் மேல் கோபப்படாதீர்கள். மேலதிகாரி ஆசைப்பட்டுவிட்டால் வானம் எப்போதுமே வெள்ளையாகத்தான் இருக்கும். உங்கள் ஆபீசிலும் அப்படித்தானே.

4

வடத்தை ஸ்டோருக்கு முன்னால் தரையில் நீளமாகப் போட்டார்கள். ஸ்டோர் என்றால் காய் உலர்த்துகிற தகரக் கூரைக் கட்டடம். துரை கைக்குட்டையை ஆட்டி, “இழுங்க” என்றான்.

இரண்டு செட்டும் வந்தார்கள். குனிந்து வடத்தை எடுத்தார்கள். எல்லாரும் ஒரே பக்கத்தில்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்து அவர்கள் பார்த்த வடம் வீரபாண்டித் தேர் வடம். வடம் என்றால் ஊரெல்லாம் சேர்ந்து ஒரு திசையில் இழுப்பது. எதிர்ப்பக்கம் நின்று இழுக்கிறவனை யாராவது பார்த்திருப்பார்களா? எதிர்ப்பக்கத்தில் தேர்தான் இருக்கும். இங்கே தேர் இருக்க வேண்டிய இடத்தில், “நோ, நோ” என்று வடத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டு துரை நின்றிருந்தான். ஜக்கம்மாள் குலவை போட்டாள், தேவாரத்துக்காரர்கள் சேர்ந்து சத்தம் கொடுத்தார்கள், ஒரே இழுப்பு. துரை சகதியில் குப்புற விழுந்து கொஞ்ச தூரம் அப்படியே வந்தான்.

சிரித்தார்கள் பாருங்கள். தேவாரத்துக்காரி சிலமலைக்காரி தோளில் சாய்ந்து சிரித்தாள். துரையும் சகதியில் உட்கார்ந்தபடியே சிரித்தான். ஓரமாக உட்கார்ந்திருந்த ஆயம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, “ஏ ஆத்தாடி, போதும்டி” என்றாள்.

நான் நேர்மையான ஆள். இது நன்மைதான். விளையாட்டினால் ஒரு நன்மை உண்டென்றால் அது இந்தச் சிரிப்புதான், இதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். ருக்கையா, நீ விரும்பினால் கதையை இங்கேயே நிறுத்தி அச்சடித்துக்கொள். கிடாவை ரெண்டு செட்டும் சேர்ந்து ஆக்கித் தின்றார்கள் என்று ஒரு வரி சேர்த்தால் மலருக்கு அது போதும்.

ஆனால் துரை நிறுத்தவில்லை. எழுந்து சகதியைத் துடைத்துக்கொண்டு, இது அப்படி இல்லை, நீங்கள் இந்தப் பக்கம், அவர்கள் அந்தப் பக்கம், எதிராக இழுக்க வேண்டும் என்று சுருளிவேலை வைத்து விளக்கினான். ஒன்றாக இழுத்தவர்களைப் பிரித்து எதிரெதிராக நிறுத்தினான், ஒற்றுமை வளர்வதற்கு.

(இந்த வாக்கியத்தை மூன்று தடவை அடித்துவிட்டேன். திரும்பத் திரும்ப இதுவேதான் வருகிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.)

இழுத்தார்கள். கிடா இருக்கிறதே. நடுவில் கிடந்த பாறை விளிம்பில் வடம் தேய்ந்தது. தேவாரத்துப் பக்கம் தரையில் கிழித்த கோட்டைத் தாண்டி இழுத்த நேரம் வடம் ரெண்டாக அறுந்தது. ஜெயித்தவர்கள் கிடாவை ஓட்டிக்கொண்டு ஸ்டோருக்குள் போனார்கள். தோற்றவர்கள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு மூட்டையைக் கட்டினார்கள். அப்போது மழை பிடித்தது. அப்போதே ஆயம்மாளுக்கு வலியும் கண்டது.

5

ஓடைக்கு வந்தபோது தண்ணீர் சேறாக இறங்கிக்கொண்டிருந்தது. மேல்மலையில் எப்போதோ பெய்திருக்கிறது. சுருளிவேல் தேவாரத்து ஆட்களைக் கூப்பிட மேலே ஓடினான். ஜக்கம்மாள் கூவிப் பார்த்தாள். தகரக் கூரையில் மழை அடிக்கும்போது உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது.

“அவன் வர்ற வரைக்கும் தண்ணி நிக்காது. வெரசா எறங்குங்கடி” என்றாள்.

வடம் கட்டாத காலத்தில் கடந்த மாதிரிதான். ஜக்கம்மாள் முதலில் போய் அந்தக் கரை மரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். அவள் மறு கையை ஒருத்தி பிடிக்க, அவள் கையை அடுத்தவள் பிடிக்க, ஓடைக்குக் குறுக்கே செட்டு நீண்டது. கடைசி ஆள் இந்தக் கரை மரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ரெண்டு பக்கமும் மரம் பிடித்தால்தான் தண்ணீர் இழுப்புக்கு அசையாமல் நிற்கும்.

கடைசியில் நின்ற கருத்தம்மாளின் கை மரத்துக்கு எட்டவில்லை. ஒரு ஆள் குறைந்தது.

குறையாதா பின்னே. எப்போதும் அந்த வரிசையில் ஒரு ஆளாகக் கை கோத்து நிற்கிறவள் ஆயம்மாள். இன்றைக்கு அவளைத்தானே கடத்த வேண்டியிருக்கிறது. அவள் காத்திருக்க முடியாமல் தண்ணீரில் இறங்கிவிட்டாள். ஒவ்வொருத்தி தோளாகப் பிடித்துப் பிடித்து நடு ஓடைக்கு வந்து, அங்கே இன்னொரு வலி வந்து நின்றுவிட்டாள். தண்ணீர் இடுப்புக்கு. கருத்தம்மாளுக்குக் கால் வழுக்குகிறது.

கரையில் துரை நிற்கிறான். குடையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறான். அறுந்த வடத்தின் ரெண்டு துண்டையும் தூக்கிக்கொண்டு வந்து, மழையில் நனைந்துகொண்டே, ரெண்டு கையாலும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறான். நல்ல முடிச்சு. பரிசு வாங்கிய முடிச்சு. நனைந்த வடம் விறைத்துக்கொண்டு வளைய மாட்டேன் என்கிறது.

“தொரை, கயத்தப் போடு. மரத்தப் பிடிச்சுக்கிட்டுக் கையக் குடு” என்கிறாள் கருத்தம்மாள்.

அவனுக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் நீட்டிய கைக்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவன் யார்? நிமிர்ந்து பார்க்கிறான்.

6

இந்த இடத்தில் ருக்கையா போன் செய்தாள்.

“அண்ணே, முடிச்சுட்டீங்களா?”

படித்துக் காட்டினேன்.

“கையக் குடுக்குறாருன்னு எழுதுங்கண்ணே. அதான முடிவு? வெளையாட்டுல தொடங்கின உறவு வாழ்க்கையில கைகொடுத்துச்சுன்னு. எம்.டி. ரொம்பச் சந்தோசப்படுவாரு.”

“வடத்த அவுத்ததே அவன்தானம்மா.”

“அத யாருண்ணே ஞாபகம் வச்சுக்கப் போறா?”

அதுதான் எனக்கு எரிச்சல். அவன் கை கொடுத்தால் கதை அவனுடையதாகிவிடும். அடுத்த சனிக்கிழமையும் போட்டி வைப்பான். புது வடம் வாங்குவான். காலம் காலமாகக் கை கோத்துக் கடந்தவர்கள், அவன் விளையாட்டினால்தான் கை கோத்தார்கள் என்று ஆண்டு மலரில் வந்துவிடும்.

இலக்கியப் பத்திரிகை நடத்துகிற நண்பர் ஒருவரும் இருக்கிறார். அவரிடம் கேட்டால், கொடுக்கவில்லை என்று எழுது, ஆயம்மாளைத் தண்ணீர் கொண்டுபோகட்டும், கடைசி வரியில் முடிச்சு மட்டும் உறுதியாக இருக்கட்டும் என்பார். அவருக்கு அப்படி ஒரு வரிக்காக ஆளைக் கொல்வது பழக்கம்.

எனக்கு ரெண்டும் ஆகவில்லை. ஆயம்மாள் நன்மையை நிரூபிக்கவும் வரவில்லை, தீமையை நிரூபிக்கவும் வரவில்லை. அவளுக்குச் சிலமலை போக வேண்டும். மருத்துவச்சி கையை வைத்துப் பிள்ளையைத் திருப்ப வேண்டும். இந்தப் பிள்ளையாவது நிற்க வேண்டும்.

“தேவாரத்து ஆளுங்க வந்துட்டாங்கன்னு எழுதினா என்னண்ணே?” ருக்கையா குரல் இறங்கியிருந்தது. இப்போது மலரைப் பற்றிக் கேட்கவில்லை.

“எழுதிப் பாத்தேன்மா. பாதி வழியிலதான் வர்றாங்க.”

“அப்ப அந்தப் பொண்ணு?”

“தண்ணியிலதான் நிக்கிறா.”

“நீங்க என்கூடப் பேசிக்கிட்டு இருக்கீங்க?” என்று போனை வைத்துவிட்டாள்.

7

அவள் கோபம் நியாயம். நான் நட்சத்திரக் குறி போட்ட நேரம், அடைப்புக்குறிக்குள் புலம்பிய நேரம், நண்பரைக் குத்திக்காட்டிய நேரம், அத்தனை நேரமும் தண்ணீர் ஏறியிருக்கிறது. இப்போது மார்புக்கு. ஜக்கம்மாள் அந்தக் கரையிலிருந்து கூவுகிறாள். கருத்தம்மாள் இன்னும் கையை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். துரை வடத்தைப் பார்க்கிறான், கையைப் பார்க்கிறான். அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. அவனை நம்பி அவளை விட எனக்கு மனசு வரவில்லை.

என் ஒரு கையில் பேனா, இன்னொரு கை காகிதத்தை அமுக்கிக்கொண்டிருக்கிறது. நான் துரை மாதிரிதான், ரெண்டு கையும் முடிச்சில் மாட்டியிருக்கிறது.

நீங்கள் இவ்வளவு நேரமாகக் கரையில் நின்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மரம் உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. புத்தகத்தைக் கீழே போட்டால் ஒரு கை மரத்துக்கு, ஒரு கை கருத்தம்மாளுக்கு.