மொரப்பூர் தோற்ற சனிக்கிழமை

இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிற்பதற்கு ஒருவனுக்குச் சம்பளம் என்றால் பொம்மிடியில் பாதிப் பேர் நம்பவில்லை. நம்பிய மீதிப் பேருக்கு வயிறு எரிந்தது. சென்றாயன், ராஜாமணி முதலாளியின் புளி மண்டியில் மூட்டை தூக்குகிறவன் என்று பேர். தூக்கி யாரும் பார்த்ததில்லை. விரல் பிசகிவிட்டால் பந்தை யார் பிடிப்பது என்று முதலாளியே தடுத்துவிடுவார். மண்டிக்குப் பின்னால் குடியிருக்க ஓர் அறையும் கொடுத்திருந்தார்.

அந்த அறைதான் சென்றாயனுக்கு உயிர். சித்தேரி மலையிலிருந்து கண்ணம்மாளை அவள் அண்ணன்மாருக்குத் தெரியாமல் கூட்டிக்கொண்டு இறங்கியவன் அவன். அவள் வீட்டில் வெட்டுவேன் என்றார்கள். இவன் வீட்டில் அதுகூடச் சொல்லாமல் கதவைச் சாத்தினார்கள். அவளுக்கோ இப்போது மாதம் நெருங்கிவிட்டது. இதையெல்லாம் நாமாகத் துருவவில்லை; பொதுக் கிணற்றடியில் தானாகக் காதில் விழுந்தது.

உலக யுத்தக் காலம். அரிசி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பெட்ரோல் இல்லை. கால்பந்து லீக் மட்டும் நடந்தது. கடைசி ஆட்டத்துக்கு முன்னால் முதலாளி டீமை வரிசையாக நிறுத்தினார்.

"ரெண்டாம் டிவிஷன்ல இருந்தாத்தான் என் பேரு சேலம் வரைக்கும் போவும். மூணாம் டிவிஷனுக்கு எறங்கினீங்க, டீமைக் கலைச்சுடுவேன். மண்டிக்கு ஆளு ஏற்கெனவே இருக்குது. ரூமுக்கும் ஆளு கேக்கறாங்க."

கடைசி வாக்கியத்தை அவர் சென்றாயனைப் பார்த்துத்தான் சொன்னார்.

லீக்கின் அடியில் பொம்மிடியும் மொரப்பூரும் சமமாகக் கிடந்தன. கோல் கணக்கில் மட்டும் மொரப்பூர் எட்டாத உயரத்தில். இருவரில் ஒருவர் கீழே இறங்கியாக வேண்டும். மொரப்பூர் தோற்றால் பொம்மிடிக்கு டிரா போதும். தோற்காவிட்டால் பொம்மிடி ஜெயித்தே தீரவேண்டும். மொரப்பூர் ஆட்டம் முன்னாலேயே முடிந்துவிடும். அந்த முடிவை ஜோலார்பேட்டையிலிருந்து மொரப்பூர் வழியாக வரும் பாசஞ்சரின் கார்டு கொண்டுவருவார். தந்திக்குச் செலவு செய்யாத நம் கிளப்புகளுக்கு அதுதான் வழக்கம். நம் மைதானமும் ஸ்டேஷனைத் தாண்டியதும் தண்டவாளத்தோரம்தான்.

கார்டிடம் பேசி வைத்தவன் கேப்டன் அர்ச்சுனன். "மொரப்பூர் தோத்திருந்தா மைதானத்துக்கு நேரா பச்சைக் கொடி காட்டறேன், இல்லேன்னா சும்மா போயிடுவேன்" என்றுதான் கார்டு சொல்லியிருந்தார். அர்ச்சுனன் வாயில் எந்தச் சேதியும் உள்ளே போனபடி வெளியே வந்ததில்லை. "பச்சைன்னா மொரப்பூர் தோத்தாச்சு, செவப்புன்னா தோக்கலே" என்று டீமுக்குச் சொன்னான். ஓடுகிற வண்டியில் கார்டு சிவப்பு காட்டினால் வண்டியல்லவா நின்றுவிடும்? தண்டவாளத்தோரமே பிறந்து வளர்ந்த அத்தனை பேரில் ஒருவனும் இதைக் கேட்கவில்லை.

காரிமங்கலத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான். அதனால் நன்றாக ஆடினார்கள். ஒன்றுக்கு ஒன்று. சென்றாயன் வயிற்றாலும் முகத்தாலும் பந்தைத் தடுத்துக்கொண்டிருந்தான். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. ஆட்டம் முடியச் சற்றே நேரம் இருக்கும்போது பாசஞ்சர் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிற்று.

அன்றைக்குப் பார்த்துத் தீர்த்தமலைக்குப் போய்த் திரும்புகிற கூட்டம். ஒரு பெண்பிள்ளை வண்டியில் ஏறிவிட்டாள். புருஷன் பிளாட்பாரத்தில் நின்றுவிட்டான். அவள் போட்ட கூச்சலில் கார்டு சிவப்புக் கொடியை நீட்டினார். வண்டி சரியாக மைதானத்துக்கு நேராக வந்து நின்றது.

"செவப்புடா!" என்று அர்ச்சுனன் தலையில் அடித்துக்கொண்டான். "மொரப்பூரான் தோக்கலே!"

"வண்டி எதுக்குண்ணா நின்னுச்சு?" என்றான் ஒருவன்.

"நமக்குத் தெரியோணும்னு நிறுத்திக் காட்டறாருடா, நல்ல மனுஷன்! முன்னால ஏறி ஆடுங்கடா எல்லாரும்!"

சென்றாயனுக்கு அறை தெரிந்தது. நடுத்தெருவில் பாயும் பானையுமாகக் கண்ணம்மாள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. கோல் கம்பங்களை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். நடுக்கோட்டைத் தாண்டினான். அர்ச்சுனனுக்கு வந்த பந்தைத் தோளால் இடித்துத் தானே பிடுங்கி உதைத்தான். பந்து எதிரிக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது.

அதற்குள் அந்தப் புருஷன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து ஏறிவிட்டான். வண்டி நகர்ந்தது. கார்டு பச்சையைப் பலமாக ஆட்டிக்கொண்டே கத்தினார்:

"மொரப்பூர் தோத்துட்டாங்கப்பா! மூணு கோலு! டிரா போதும்!"

சென்றாயன் திரும்பிப் பார்த்தான். அவன் கோல் வெகுதூரத்தில் திறந்து கிடந்தது. காரிமங்கலத்து ஆட்டக்காரன் மாது, கம்பத்தில் பட்டுவந்த பந்தை நின்ற இடத்திலிருந்தே ஓங்கி உதைத்தான். பந்து ஒன்றும் வேகமாகப் போகவில்லை. இரண்டு மூன்று முறை குதித்து, பிறகு உருண்டே போயிற்று. சென்றாயன் பின்னால் ஓடினான், விழுந்தான், தவழ்ந்தான். கைக்கெட்டும் தூரத்தில் அது கோட்டைத் தாண்டியது. பந்தை மறுபடி நடுவில் வைப்பதற்குள் மாதுவிடம் ஓடிப்போய்க் கெஞ்சினான்:

"அண்ணா, ஒரு கோலு விட்டுக் குடுங்கண்ணா. உங்களுக்கு ஒண்ணும் கொறையாது. வூட்ல புள்ளத்தாச்சி இருக்கறா."

மாது முகத்தைத் திருப்பிக்கொண்டான். "காலைல கேட்டிருந்தா ஆவும்பா. இப்ப ஊரே பாக்குது."

விசில் ஊதியாயிற்று. முதலாளி நேராகச் சென்றாயனிடம் வந்தார்.

"செவப்பு காட்டினாங்க மொதலாளி..."

"உன்னை எதுக்குடா வெச்சிருந்தேன்? கொடி பாக்கறதுக்கா? திங்கக்கெழமை ரூம் காலியாவோணும். பனியனைக் கழட்டி வெச்சுட்டுப் போ, அது கிளப்போடது."

அங்கேயே கழட்டிக் கொடுத்தான். அர்ச்சுனனைத் தேடினால் ஆளையே காணோம்.

காரிமங்கலத்துக்காரர்களின் பஸ், பெட்ரோலுக்குப் பதில் பின்னால் அடுப்பு வைத்துக் கரி எரித்து அந்த கேஸில் ஓடுவது. லேசில் கிளம்பாது. டிரைவர் அடுப்பைக் கிளறிவிட்டு, "தள்ளுங்கப்பா" என்றான். வேடிக்கை பார்த்தவர்கள் தள்ளினார்கள். வெறும் உடம்போடு ஓடிவந்து சென்றாயனும் ஜன்னலோரம் கை கொடுத்தான். உள்ளே மாது.

"அண்ணா, உங்க டீமுக்குக் கோல்கீப்பர் வேண்டாங்களா?"

"இருக்கறான்பா."

"ரெண்டாவது ஆளா வெச்சுக்குங்க. சம்பளமே வேண்டாம். ஒரு மூலை, மழைக்கு ஒதுங்கறாப்பல ஒரு மூலை போதும். ரெண்டே பேருதாங்க..."

"மொதல்ல தள்ளுப்பா."

தள்ளினான். பஸ் இருமியது, உறுமியது, கரும்புகையைக் கக்கிப் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. மற்றவர்கள் கையை எடுத்து நின்று சிரித்தார்கள். அவன் மட்டும் ஜன்னல் கம்பியை விடாமல், "ரெண்டே பேருதாங்க, ரெண்டே பேருதாங்க" என்று ரோட்டோடு ஓடிக்கொண்டிருந்தான்.